நான்காவது கேள்விக்கு ‘ஆம்’

இருபத்தேழு வருடம் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தேன். எரிந்த கடை, மோதிய லாரி, திருடுபோன பைக், நனைந்துபோன சரக்கு என்று யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் அது காகிதமாகி என் மேஜைக்கு வரும். படித்துப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். என் குறிப்பை மேலதிகாரிகள் மாற்றியது அபூர்வம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதனால் எனக்குப் படிவங்களைக் கண்டு பயமே கிடையாது. பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனைகளை மற்றவர்கள் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து படிப்பேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்திரண்டு வயதில். கேம்ப் ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மூன்று வாரம் திணறி, நான்காவது வாரம் தைரியம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மின்சாரக் கார் வாங்கினோம். “வாங்கினோம்” என்பது ஒரு பேச்சுக்கு. என் கணவருக்குச் சிறுசேரியில் வேலை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குக் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். வண்டியை ஓட்டுவது நான், கழுவுவது நான், பார்க்கிங் தூணில் மாட்டியிருக்கும் சார்ஜர் பெட்டியிலிருந்து வயரை எடுத்துச் செருகுவது நான். அது என் வண்டி.

மூன்று வருடம் முடியப்போகிற சமயத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், உங்க வண்டி வாரண்டி இன்னும் இருபத்தெட்டு நாள்ல முடியுது. எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கிறீங்களா? ரெண்டு வருஷம் கவர் ஆகும். முடிஞ்சதுக்கப்புறம் கேட்டா தர மாட்டாங்க.”

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றியபடியே சிரித்தார்.

“கரண்ட் வண்டில கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு? இன்ஜினே கிடையாது. பேட்டரிக்குத் தனியா எட்டு வருஷம் குடுத்திருக்கான். அப்புறம் எதுக்கு இது?”

“இன்ஜின் இல்ல, சரி. அதுக்குப் பதிலா பெட்டி பெட்டியா இருக்கே. சார்ஜ் ஏத்துற பெட்டி, மோட்டாரை ஓட்டுற பெட்டி, ஏ.சி.க்கு ஒண்ணு. ஒரு பெட்டி போச்சுன்னா ரிப்பேர் எல்லாம் கிடையாது, பெட்டியையே மாத்தணும். அதெல்லாம் பேட்டரி வாரண்டில வராதுங்க.”

“உன் இஷ்டம்.”

எங்கள் வீட்டில் “உன் இஷ்டம்” என்றால் சம்மதம் என்று அர்த்தம். நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் சொல்லிக்காட்ட உரிமை வைத்துக்கொண்ட சம்மதம்.

சர்வீஸ் சென்டர் பெண்ணிடம் நிபந்தனைகள் முழுவதையும் அனுப்பச் சொன்னேன். கலர் கலராக இரண்டு பக்க விளம்பரம் ஒன்று வந்தது. இது இல்லை, முழு நிபந்தனைகள் வேண்டும் என்றேன். மறுநாள் பதினெட்டு பக்கம் வந்தது. ஒரு சனிக்கிழமை பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு தவணையில் படித்து முடித்தேன். பெரும்பாலும் நான் எதிர்பார்த்ததுதான். எது எது சேரும், எது எது சேராது, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். பதினாறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் ஒப்பந்தம் முழுவதும் செல்லாது. அந்த வரியை நானே எத்தனையோ கடிதங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். பழைய ஆபீஸ் சிநேகிதியைப் பார்த்ததுபோல இருந்தது. அடிக்கோடு போட்டுவிட்டு மூடிவைத்தேன்.

இந்த இடத்தில், வண்டி வாங்கிய இரண்டாவது வருடம் மழையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை முடிச்சூரில் இருக்கிறாள். மூன்று நாளாக விடாமல் கொட்டிய மழை. மூன்றாம் நாள் காலை போன் செய்தாள். “அக்கா, தெருவுல முழங்கால் தண்ணி. உள்ள இன்னும் வரல, ஆனா படிக்கட்டு ரெண்டு மூழ்கிடுச்சு. அவர் வேற கோயம்புத்தூர்ல இருக்கார்.” நான் யோசிக்கவே இல்லை. ரயில்வே மேம்பாலம் ஏறி, மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, போய்ச் சேர்ந்துவிட்டேன். போகும்போது அவ்வளவு தண்ணீர் இல்லை.

திரும்பும்போதுதான் வம்பு. முடிச்சூர் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை பானெட் மேல் ஏறி இறங்கியது. தண்ணீர் கதவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தங்கை பக்கத்து சீட்டில் இரண்டு பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, புது மிக்ஸியை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இது கரண்ட் வண்டியாச்சே. தண்ணில நிக்குது. ஷாக் அடிக்காதா?”

“அடிச்சா முதல்ல எனக்குத்தான் அடிக்கும். நீ மிக்ஸியைப் புடி.”

அப்படிச் சொன்னேனே ஒழிய, கதவோரம் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் அப்படியே நின்றோம். லாரியைத் தள்ளி ஓரங்கட்டிய பிறகு வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பியது. பக்கத்தில் பெட்ரோல் கார்கள் இரண்டு இருமிக்கொண்டு நின்றன. அன்று முதல் அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. சர்ச்சில் பாடகர் குழுப் பெண்களிடம் சொன்னேன், மாடி வீட்டுக்காரர்களிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே இடமான சர்வீஸ் சென்டரில் மட்டும் சொல்லவில்லை. வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

வாரண்டி வாங்கப் பல்லாவரம் சர்வீஸ் சென்டருக்கு நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. குரோம்பேட்டை தாண்டியதுமே பல்லாவரம் சந்தைக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஸ்கூட்டரின் பின்னால் ஒரு முழு மர நாற்காலியைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஆடி ஆடிப் போனார். பத்து நிமிட வழிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

போன் செய்த பெண்ணை அங்கேதான் நேரில் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சுறுசுறுப்பு. கையில் ஒரு டேப்லெட். என்னை உட்காரவைத்து மெஷின் டீ கொடுத்துவிட்டு, திரையில் விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

“மேடம், ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க. சொன்னீங்கன்னா இங்க ஒரு சைன், அவ்ளோதான்.”

“கேள்வி ஏழு இருக்கே, அதெல்லாம் யார் நிரப்புனது?”

“நானே போட்டுட்டேன் மேடம். எல்லாம் ஜெனரல் கேள்விதான்.”

“கொஞ்சம் காட்டுங்க.”

ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ என்று இருந்தது. வண்டி வாடகைக்கு ஓடியதா, இல்லை. வெளியே ரிப்பேர் செய்ததா, இல்லை. விபத்தா, இல்லை. நான்காவது கேள்வி: வாகனம் எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா, நீர் கதவின் அடிப்பாகத்தைத் தொட்டதா? அதற்கும் இல்லை.

“இதுக்கு மட்டும் ஆம்னு மாத்துங்கம்மா.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“மேடம், சென்னைல தண்ணில நிக்காத வண்டி எது சொல்லுங்க? எல்லாருக்குமே இல்லைன்னுதான் போடுறோம். ஆம்னு போட்டா சிஸ்டம் லாக் ஆயிடும். இன்ஸ்பெக்‌ஷன் போகணும், வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போகணும். அவங்க ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா அதுக்கப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் என்னால போட முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போன சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை.

“நீயா ஏன் போய் மாட்டிக்கிற?” என்றார். “அந்தப் பொண்ணே இல்லைன்னு போடுறேன்னு சொல்றா. வண்டி ஓடுது இல்ல? வேணும்னா வாங்கு, வேணாம்னா விட்டுட்டு வா. நடுவுல இது எதுக்கு?”

“யோசிக்கிறேன்” என்று வைத்துவிட்டேன். உண்மையில் நான் யோசித்தது அவர் சொன்னதைப் பற்றி இல்லை.

வேலையில் இருந்த காலத்தில், இதே பல்லாவரத்திலிருந்து ஒருவருடைய க்ளெய்ம் வந்தது. தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை. நான்கு மெஷின். மின்கசிவில் தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது. விண்ணப்பத்தில், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இடத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தது. சேதத்தைப் பார்க்கப் போன சர்வேயர் எடுத்த போட்டோவில் பசை டின்கள் வரிசையாகத் தெரிந்தன. நிராகரித்துக் கடிதம் எழுதியது நான்தான். ஒரு வாரம் கழித்து அவர் அந்தக் கடிதத்தோடு ஆபீசுக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“இன்னாம்மா இது? ஏஜென்ட்டு கையெழுத்துப் போடுன்னான், போட்டேன். பசை வச்சுக்கினு கீறியான்னு என்னை யாராச்சும் கேட்டாங்களா? கேட்டிருந்தா ஆமான்னுதானே சொல்லியிருப்பேன்? பசை இல்லாம பை எப்டிம்மா பண்றது?”

“கையெழுத்து உங்களோடதுதானே?” என்று கேட்டேன்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். விதிப்படி நான் கேட்டது சரியான கேள்வி. மேலதிகாரி என்னைப் பாராட்டினார். வேலையில் நான் செய்த தப்புகள் எதுவும் எனக்கு இவ்வளவு காலம் ஞாபகம் இருந்ததில்லை. சரியாகச் செய்த இந்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது.

உள்ளே போனேன். “ஆம்னு போடுங்க. வண்டியை விட்டுட்டுப் போறேன்” என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ‘ஆம்’ போட்டாள். திரை சிவப்பாக மாறியது.

அடுத்த இரண்டு நாள் எனக்குக் கால் ஒடிந்ததுபோல இருந்தது. காய்கறி வாங்க ஷேர் ஆட்டோ, சர்ச்சுக்குப் போக பஸ். அதைவிட மோசம், நான் செய்தது புத்திசாலித்தனம்தானா என்ற சந்தேகம். நாணயமாக இருக்கிறோம் என்ற வீம்பில் கையில் கிடைத்ததை நாமே தட்டிவிட்டோமோ?

மூன்றாம் நாள் காலை ஒரு ஆண் குரல். “மேடம், டெக்னீஷியன் பேசுறேன். உங்க வண்டி விஷயமா கொஞ்சம் நேர்ல வர முடியுமா?” நேரில் வரச் சொன்னால் நல்ல சேதியாக இருக்காது. அது எங்கள் ஆபீஸ் வழக்கமும்தான்.

வண்டியை லிஃப்டில் தூக்கி வைத்திருந்தார்கள். அடியில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அதில் முடிச்சூர் மண், காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. டெக்னீஷியனுக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் சர்வீஸ் மேனேஜர் கைகட்டி நின்றார்.

“இங்க பாருங்க மேடம்” என்று டெக்னீஷியன் டார்ச் அடித்துக் காட்டினார். “பேட்டரி சூடாகாம இருக்க ஒரு தண்ணி ஓடுது. அதைச் சுத்த வைக்கிற பம்ப் இது. இதுக்குப் போற ஒயரோட கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கு.” கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த செம்புக் கம்பிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

“வாட்டர் டேமேஜ் மேடம்” என்றார் மேனேஜர். “இது இப்ப இருக்கிற வாரண்டிலயும் வராது. நீங்கதான் போட்டுக்கணும். இந்த ரிப்போர்ட் போச்சுன்னா எக்ஸ்டெண்டட் வாரண்டியும் கஷ்டம்தான்.”

என் மூளை பழைய மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. காகிதம் வந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“இதே உயரத்துல இந்த மாதிரி கனெக்டர் இன்னும் எத்தனை இருக்கு?”

டெக்னீஷியன் நிமிர்ந்து எண்ணினார். “இதோட சேர்த்துப் பதினொண்ணு.”

“மத்த பத்துலயும் தண்ணி போயிருக்கா?”

“பாத்தவரைக்கும் இல்ல மேடம்.”

“எல்லாத்தையும் தொறந்து பாத்தீங்களா?”

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “சரி, பாத்துடுங்க” என்றார். நான் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் காய்ந்து, புதுசுபோலப் பளபளவென்று இருந்தது. பத்தும் அப்படித்தான். கடைசியில் களிம்பு ஏறிய அந்தக் கனெக்டரை மறுபடியும் கையில் எடுத்து, விளிம்பில் இருந்த சின்ன ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார். அது ஒரு பக்கம் மடிந்து, மடிந்த இடத்தில் தழும்புபோலக் கோடு விழுந்திருந்தது.

“இதே தண்ணிலதான் பதினொண்ணும் நின்னுச்சு” என்றேன். “பத்து காய்ஞ்சிருக்கு, ஒண்ணு நனைஞ்சிருக்கு. அப்ப இது தண்ணியோட தப்பா, அந்த ரப்பரோட தப்பா?”

மேனேஜர் டெக்னீஷியனுக்கு மேலதிகாரி. அவர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. வளையத்தை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சார், இது ஃபிட்டிங்லயே மடிஞ்சு உக்காந்திருக்கு. மாட்டும்போதே இப்படித்தான் வந்திருக்கு. ஒழுங்கா உக்காந்திருந்தா தண்ணி உள்ள போயிருக்காது.”

“இதை அப்படியே ஜாப் கார்டுல எழுதுங்க” என்றேன். “யார் தப்புன்னு எழுத வேணாம். பதினொண்ணு தொறந்தோம், பத்து காய்ஞ்சிருந்துச்சு, ஒண்ணுல ரப்பர் மடிஞ்சிருந்துச்சு. பார்த்ததை மட்டும் எழுதுங்க, போட்டோ சேருங்க. முடிவை கம்பெனி எடுக்கட்டும்.”

மேனேஜர் முதல் தடவையாகக் கையை இறக்கினார். “மேடம் எங்க வேலை பாத்தீங்க?”

சொன்னேன். “அதான பாத்தேன்” என்றார். சிரிக்கத்தான் சிரித்தார், ஆனால் சந்தோஷமாக இல்லை.

கிளம்பும்போது டெக்னீஷியன் வாசல்வரை வந்தார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. தண்ணில போன அடுத்த வாரமே நீங்க வந்திருக்கணும். இந்த பம்ப் மே மாச வெயில்ல நின்னிருந்தா நீங்களும் நடுரோட்ல நின்னிருப்பீங்க. வண்டி கிளம்புதுன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல.”

நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வெற்றிக்கதை அந்த ஒரு வரியில் காற்றுப் போயிற்று. “தப்புதான்” என்றேன். அவருக்கு நான் அதைவிடப் பெரிய நன்றி சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குத் தோன்றவில்லை.

கார் கம்பெனியிலிருந்து நான்காம் நாள் பதில் வந்தது. பொருத்துவதில் ஏற்பட்ட குறை என்று ஏற்றுக்கொண்டு, பம்பையும் கனெக்டரையும் இருக்கிற வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வாரண்டி முடிய அப்போது ஒன்பது நாள் பாக்கி. வண்டி நீரில் நின்றது, முழுவதும் பரிசோதிக்கப்பட்டது, இப்போது குறை ஏதும் இல்லை என்று முத்திரையோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சிவப்புத் திரை பச்சையானது.

இந்தத் தடவை அந்தப் பெண் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி வைத்து ஏழு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். முடிந்ததும், “இப்படியே எல்லாருக்கும் படிச்சா என்னம்மா?” என்று கேட்டேன்.

“ஆசைதான் மேடம்” என்றாள் பட்டென்று. “ரெண்டாவது கேள்விக்கே ‘சீக்கிரம் முடிம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு’ன்னு கத்துறாங்க. போன மாசம் ஒருத்தர் படிக்கப் படிக்க எழுந்தே போயிட்டார். எனக்கு டார்கெட் இருக்கு, வீட்ல ரெண்டு பசங்க இருக்காங்க. நீங்க ஒரு நாள் என் சீட்ல உக்காந்து பாருங்க.”

பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்கிய அந்த ஏஜென்ட்டையும் நான் இதுவரை ஒரு திருடனாக மட்டும்தான் நினைத்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்க்கிங்குக்குப் போனேன். ராத்திரி முழுக்கச் சார்ஜில் இருந்த வண்டி முந்தின நாள் காட்டிய அதே எண்ணைக் காட்டியது. சுவரில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யலாமா? இரண்டும் செய்யவில்லை. இரண்டாம் மாடிக்காரரின் மின்சாரக் காரை என் பெட்டியில் செருகச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்து சார்ஜ் ஏறியது. ஆக, பெட்டியில் கோளாறு இல்லை. மேடவாக்கம் வரை ஓட்டிப்போய் அங்கே இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டேன். வேகமாக ஏறியது. ஆக, பேட்டரியிலும் கோளாறு இல்லை. வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க வண்டிக்குள் ஒரு பெட்டி உண்டு. ஃபாஸ்ட் சார்ஜருக்கு அது தேவையில்லை. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

சர்வீஸ் சென்டரில் போய் இதைச் சொன்னபோது அதே டெக்னீஷியன் சிரித்தார். “டெஸ்ட் எல்லாம் நீங்களே முடிச்சுட்டீங்க. எனக்கு என்ன மேடம் வேலை?” கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். அந்தப் பெட்டிதான்.

க்ளெய்ம் போட்டோம். இரண்டாம் நாள் பதில் வந்தது. வாகனம் முன்பு நீரில் நின்றதாகப் பதிவு இருப்பதால் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “பாத்தியா? நீ ஆம்னு போட்டதுதான் இப்ப காலை வாருது. இல்லைன்னு போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.”

எனக்குக் கோபம் வரவில்லை. ‘இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்ற வார்த்தைகள் எனக்கு நன்றாகப் பழக்கம். கோப்பைப் பிரிக்காமல் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுகிறபோது வருகிற வார்த்தைகள் அவை. யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாக முடித்த கோப்பு இது என்று தெரிந்தது. நானும் அப்படி முடித்திருக்கிறேன்.

ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன். மூன்றே விஷயம். நீரில் நின்றதை நான்தான் விண்ணப்பத்திலேயே சொன்னேன். சொன்ன பிறகு உங்கள் ஆட்களே வண்டியைப் பிரித்துப் பார்த்துக் குறையில்லை என்று சான்றிதழ் கொடுத்து, அதன் பேரில்தான் இந்த வாரண்டியைக் கொடுத்தீர்கள். இப்போது கெட்டுப்போன பெட்டி பானெட்டுக்கு அடியில், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. திறந்து பார்த்த போட்டோவில் ஈரத்தின் அடையாளமே இல்லை. சான்றிதழையும் ஜாப் கார்டையும் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு இடத்தில்கூட ஆச்சரியக்குறி போடவில்லை. கோபமாக எழுதுகிற கடிதங்களை நாங்கள் ஆபீசில் அடுக்கின் அடியில்தான் வைப்போம்.

கணவர் அதை வாங்கி ஒரு தரம் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “இதை எழுதுன ஆள்கிட்ட நான் சண்டை போட மாட்டேன்” என்றார். அவர் என்னைப் பாராட்டுவது இந்த மாதிரிதான்.

இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது. புதுப் பெட்டி வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மேடவாக்கம் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டு ஓட்டினேன். அங்கே காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பேர் என்னிடம் வாரண்டி பற்றிக் கேட்டார்கள். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. கேள்விகளை உங்கள் கண்ணால் படித்துப் பதில் சொல்லுங்கள், தண்ணீரில் போயிருந்தால் முதலில் அதைப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மற்றவர் பாதியிலேயே போனை எடுத்துவிட்டார்.

வண்டி சரியாகி வந்த அடுத்த வாரம் ஒரு நாள் கணவர் பஸ்ஸைத் தவறவிட்டார். “இருங்க, நானே கொண்டு விடறேன்” என்று சாவியை எடுத்தேன். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று காலை நெரிசலில் ஊர்ந்துபோனோம். ஏ.சி. சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நாவலூர் தாண்டும்போது அவர் கேட்டார்.

“இந்த வாரண்டி இன்னும் எவ்ளோ நாள் இருக்கு?”

“பத்து மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு.”

“அப்புறம் நீட்டிக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க. அவ்ளோதான்.”

“அப்போ என்ன பண்றது?”

“ஓட்ட வேண்டியதுதான்” என்றேன்.

அவர் ஆபீஸ் கேட்டில் இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.